கொம்பில்லாதவன் என்று எழுதப்பட்டவன்

இந்தக் கதை எனக்கு இரண்டு கை மாறி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு கல்லூரியில் படித்த அன்பரசி மேற்படிப்புக்கு ஜெர்மனி போனாள். அங்கே விடுதியின் துணி துவைக்கும் அறையில், இயந்திரம் சுற்றி முடிக்கும்வரை வேறு வேலை இல்லாததால், விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ரோத் அம்மாள் அவளுக்கு இதைச் சொன்னார்; அவள் எனக்கு போனில் சொன்னாள். ரோத் அம்மாள் சொன்னது ஜெர்மனில், அன்பரசி சொன்னது சாத்தூர்ப் பேச்சில். அதனால் இதில் வருகிற ஜெர்மன்காரர்கள் எல்லோரும் சாத்தூர்க்காரர்களைப் போலத்தான் பேசுவார்கள். அறுநூறு வருடங்களுக்கு முன்னால் அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல எழுதத் தைரியமும் இல்லை. ஊரின் பெயர் வைடன்ஃபுர்ட் என்றாள். வரைபடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. ரோத் அம்மாள் வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம்.

வைடன்ஃபுர்ட்டுக்கு அப்போது ஆற்றின் மேல் ஒரு பாலம் கிடையாது, ஊருக்குள் நாற்றமில்லாத ஒரு கிணறு கிடையாது, ஆனால் பக்கத்து நாட்டுப் பிரபு ஒரு பல்கலைக்கழகம் வைத்திருந்தார் என்பதால் வைடன்ஃபுர்ட்டின் பிரபுவும் ஒன்று வைத்தார். போப்பாண்டவரிடமிருந்து ஈய முத்திரை தொங்கும் தோல் ஏடு வந்தது. வேறொரு பல்கலைக்கழகத்தில் ஊர்வலத்தின்போது யார் முன்னால் நடப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய ஆசிரியர்கள் கழுதைகளில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள், இறங்கிய அன்றே இங்கே யார் முன்னால் நடப்பது என்று சண்டை போட்டார்கள். வானத்துக்கு எத்தனை அடுக்கு என்று அவர்களுக்குத் தெரியும், தேவதூதர்கள் சாப்பிடாமலே எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியும், நரகத்தின் நெருப்பு புகையுமா புகையாதா என்று தெரியும். தங்களுக்கு ரொட்டி சுட்டுத் தருகிறவன் என்ன மொழி பேசுகிறான் என்பது மட்டும் தெரியாது, ஏனென்றால் அவன் பேசியது ஜெர்மன், பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு உள்ளே இலத்தீன் ஒன்றுதான் மனிதப் பேச்சு.

அதைவிட முக்கியமாக, வெளியிலிருந்து படிக்க வருகிற எவனும் மனிதன் இல்லை என்பது அவர்களுடைய சட்டம். வருகிறவன் கொம்புள்ள மிருகம். அவனுக்கு மரக்கொம்பு வைத்த தொப்பியை மாட்டி, வாயில் பன்றிப் பல்லைச் சொருகி, மூத்த மாணவர்கள் சுற்றி நின்று மூக்கைப் பிடித்து ‘நாறுகிறது, நாறுகிறது’ என்று கத்தி, மரத்தில் செய்த ரம்பத்தால் அந்தத் தொப்பிக் கொம்பை அறுத்து, மர இடுக்கியால் பல்லைப் பிடுங்கி, தச்சனின் இழைப்புளியால் முதுகைத் தேய்த்து, நாக்கில் உப்பும் தலையில் திராட்சை ரசமும் வைத்த பிறகுதான் அவன் மனிதனாவான், பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரின் பதிவேட்டில் அவன் பெயர் ஏறும், அவனுக்கு அறிவு என்ற ஒன்றைப் புகட்டலாம். அந்தத் தொப்பி பிரபு தன் கையால் கொடுத்தது. அதை மாற்றவோ தைக்கவோ பெரிதாக்கவோ கூடாது. ஊர்ப் பிஷப்பான மேற்றிராணியாரின் மருமகன் ஓட்டோ வந்தபோது அவனுடைய கொம்பை அறுக்க அதே ரம்பத்துக்கு வெல்வெட்டு சுற்றினார்கள். மிருகங்களிலும் குடும்பம் பார்க்கிற இடம் அது.

அறுவடை முடிந்து குளிர் தொடங்குகிற மாதத்தில், தோல் பதனிடுகிற ஒருவனின் மகன் டில்மன், விதவையான தன் தாய் எல்ஸ்பெத்தோடு நடந்தே வந்து சேர்ந்தான். ஊர்ப் பாதிரியாரிடம் இலத்தீன் படித்திருந்தான். அவனுடைய வம்சத்தில் அதுவரை ஒருவரும் தோலில் எழுதியதில்லை, தோலைச் செய்துதான் கொடுத்திருக்கிறார்கள். தாயை வாசலில் நிறுத்திவிட்டு அவனை முற்றத்துக்கு இழுத்துப் போய் உட்கார வைத்தார்கள். ஹைனோ என்ற மூத்த மாணவன், சடங்கு நடத்துவதில் கெட்டிக்காரன், மற்ற எதிலும் தேறாமல் அங்கேயே வருடக்கணக்காக இருப்பவன், தொப்பியைத் தூக்கி அவன் தலையில் வைத்தான். தொப்பி உட்காரவில்லை. அழுத்தினான். மறுபடியும் எழும்பி நின்றது.

“தலையை ஒழுங்காக் காட்டுடா.”

“காட்டிட்டுத்தான் இருக்கேன்.”

“உள்ள என்னடா வச்சிருக்கே, ரெண்டு கல்லா?”

தொப்பியை எடுத்துப் பார்த்தால் நெற்றிக்கு மேலே இரண்டு பக்கமும் இரண்டு கொம்பு, விரல் நீளம், இளம் சாம்பல் நிறம், கன்றுக்குட்டிக்கு முதலில் முளைப்பதுபோல, தொட்டால் வெதுவெதுவென்று. தாயை வாசலுக்குப் போய் விசாரித்தார்கள்.

“காலையில ஆத்துத் தண்ணியத் தொட்டு நான்தான் தலை வாரிவிட்டேன், அப்போ இல்ல,” என்றாள் எல்ஸ்பெத். “உங்க வாசப்படியத் தாண்டினப்புறம் வந்ததுதான்.”

முற்றத்தில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ‘இத்தனை வருஷமா நாங்க என்ன சொல்லிட்டிருக்கோம்?’ என்றுதான் கேட்டார்கள். மர ரம்பம் எலும்பில் வழுக்கியது. தெருவிலிருந்து கசாப்புக்காரனின் இரும்பு ரம்பத்தை வாங்கிவந்து அறுத்தார்கள். இரத்தம் வந்தது, டில்மன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், பன்றிப் பல்லையும் சேர்த்து. மறுநாள் காலையில் இரண்டும் பழைய இடத்தில், முன்பைவிடக் கொஞ்சம் தடிமனாக, இருந்தன. மறுபடியும் அறுத்தார்கள். மறுபடியும் முளைத்தன. கொம்பு போகாமல் பெயர் எழுத முடியாது, பெயர் எழுதாமல் பாடத்தில் உட்கார முடியாது; டில்மன் வகுப்புக்கு வெளியே சுவர் ஓரம் உட்கார்ந்து கேட்டான், உள்ளே இருந்தவர்கள் தூங்கினார்கள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படித்தான்: ரொட்டிக்காரர் கொம்பு வடிவில் ரொட்டி சுட்டார், விற்றுத் தீர்ந்தது. சீப்புச் செய்கிறவர் அறுத்த துண்டுகளைத் தினமும் வந்து பொறுக்கிப் போனார், மனிதத் தலையில் விளைந்த கொம்பு மனிதத் தலைமுடிக்கு இதமாக இருக்கும் என்றார். படிக்காத பிள்ளைகளை இழுத்துவந்து, ‘தொட்டுக் கும்பிடு, அறிவு வரும்’ என்ற தாய்களும் உண்டு. படிக்கிற பிள்ளைகளை இழுத்துவந்து, ‘பாத்துக்கோ, புத்தகத்தோட கிடந்தா இதுதான்’ என்ற தாய்களும் உண்டு. விடுதியில் அவனுக்குத் தலையணையை மட்டும் நிறுத்திவிட்டார்கள், பஞ்சு வீணாகிறதென்று.

பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்ட விதம் வேறு. இறையியல் ஆசிரியர் டாக்டர் லாம்பர்ட், ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதன் வினைச்சொல் வருவதற்குள் முன்வரிசையில் இருப்பவர் ஒருமுறை குறட்டை விட்டு எழுந்துவிடுகிற அளவுக்குப் படித்தவர், பெரிய கூடத்தில் விரிவுரை நடத்தி நிரூபித்தார்: மற்றப் பல்கலைக்கழகங்கள் மிருகம் மிருகம் என்று சும்மா சொல்லுகின்றன, மரக்கொம்பை வைத்து ஏமாற்றுகின்றன, உண்மையான மிருகம் வந்து சேர்ந்த ஒரே பல்கலைக்கழகம் வைடன்ஃபுர்ட்தான். ஆசிரியர்கள் மேசையைத் தட்டினார்கள். மற்ற ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். ஊர்வலத்தில் டில்மனை யாருக்குப் பின்னால் நிறுத்துவது என்று சண்டை போட்டார்கள்.

“ஐயா, என் பேரை எப்போ எழுதுவீங்க?” என்று கேட்டான் டில்மன்.

“மிருகம் கேள்வி கேக்கப்படாதுப்பா,” என்றார் லாம்பர்ட், அன்பாகவே.

இப்படியே போயிருக்கும், புனித மார்ட்டின் திருநாள் மட்டும் நெருங்காமல் இருந்திருந்தால். அந்த நாட்டில் அதுதான் மாடு அடிக்கிற நாள். குளிர்காலத்தில் தீனி போட்டுக் கட்டாது என்பதால் ஊருக்குள் உள்ள கொம்புள்ள உருப்படிகளில் யார் பெயரிலும் பதியாததையெல்லாம் அன்றைக்குக் கசாப்புத் தொழுவத்தில் கட்டிவிட வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். அதற்கு முந்தின வாரங்களில் கொம்புள்ள எதையும் கோட்டை வாசலைத் தாண்டி வெளியே விடுவதும் இல்லை. கசாப்புக்காரர் சங்கத்தின் தலைவர் கயிற்றோடு ரெக்டரைப் பார்க்க வந்தார்.

“ரெக்டர் ஐயா, தப்பா நினைக்காதீங்க. கொம்பு இருக்கு. எந்தப் பதிவுலயும் பேர் இல்ல. ஒண்ணு உங்க ஏட்டுல ஏத்துங்க, இல்ல எங்க தொழுவத்துல கட்டுங்க. நடுவுல நிறுத்தினா எங்களுக்குச் சட்டச் சிக்கல்.”

“அவன் இலத்தீன் பேசுறானேப்பா.”

“கிளிகூடத்தான் பேசுது. அதுக்குக் கொம்பு இல்ல, விட்டுட்டோம்.”

ரெக்டருக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. ‘கொம்பு போனால் ஏற்றுகிறோம், போகாவிட்டால் உங்களுடையது’ என்றார். இரண்டு சட்டங்கள் ஒன்றோடொன்று இவ்வளவு நன்றாகப் பொருந்தியதைப் பற்றி அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஆசிரியர்கள் பாராட்டிப் பேசிக்கொண்டார்கள்.

எல்ஸ்பெத் அதுவரை ஊரைவிட்டுப் போகாமல் ஒரு சலவைக்காரியின் வீட்டில் ஒண்டியிருந்தாள். “மதில் ஏறிக் குதிச்சாவது போயிருவோம்டா,” என்றாள் மகனிடம். “அப்பன் வேலை இருக்கு. நாத்தம்தான். ஆனா கழுத்து இருக்கும்.”

“பேர் எழுதட்டும்மா. அப்புறம் பார்ப்போம்.”

“எழுதுறதுக்குள்ள அறுத்துருவானுகடா.”

“எழுதிருவாங்கம்மா. படிச்சவங்க.”

அவளுக்கு மகனின் காயம்தான் கவலை. தினமும் அறுக்கிறார்கள், சீழ் பிடித்துவிட்டால் என்ன செய்வது? அதனால் ஒரு நாள் டாக்டர் லாம்பர்ட் கூடத்திலிருந்து வெளியே வரும்போது வழியில் நின்று கேட்டாள்.

“ஐயா, உங்களுக்கு அறுத்தப்போ காயம் ஆற எவ்வளவு நாளாச்சு? என்ன மருந்து போட்டீங்க?”

“எனக்கா?”

“உங்களுக்கும் அறுத்திருப்பாங்கல்ல. சும்மா பச்சிலையா, இல்ல தேன் கலந்தா?”

லாம்பர்ட் அவளைத் தாண்டி நடந்தார். அவருக்கு அறுத்தது மரக்கொம்பு. இரத்தம் வரவில்லை. அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நெற்றியைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. உண்மையான கொம்பு இப்படித்தான் இருக்கும் என்று ஊருக்கெல்லாம் நிரூபித்தவர் அவர். அப்படியானால் அவருடைய கொம்பு அறுபடவே இல்லை. உள்ளே இருக்கிறது.

அடுத்த நாள் விஷயம் ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவர் கையும் தானாக நெற்றிக்குப் போனது. ரெக்டர் வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. நாவிதரிடம் கூட்டம் தாங்கவில்லை. அவர் ஒவ்வொரு மண்டையாகத் தட்டிப் பார்த்து, ‘உள்ள ஒண்ணும் இல்லீங்க’ என்று சொன்னார், அதில் யாருக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை. பிறகு அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்கள், வாதத்தைத் தொடர்ந்துகொண்டு போனார்கள்: கொம்பு அறுபடாதவன் மனிதன் இல்லை, மனிதன் இல்லாதவன் மாணவனாக இருந்திருக்க முடியாது, மாணவனாக இராதவன் வாங்கிய பட்டம் பட்டமில்லை, பட்டமில்லாதவன் கொடுத்த பட்டமும் பட்டமில்லை, பிரபுவின் முதல் மனைவியைத் தள்ளிவைத்தது செல்லும், இரண்டாம் கல்யாணம் செல்லும் என்று தீர்ப்பெழுதியவர்கள் இங்கே பட்டம் வாங்கிய சட்ட டாக்டர்கள், ஆகவே அரண்மனைத் தொட்டிலில் கிடக்கிற குழந்தை… இந்த இடத்தில் ரெக்டர் எழுந்து கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

“லாம்பர்ட், இதை நீர்தான் கட்டினீர். நீர்தான் அவிழ்க்கணும்.”

லாம்பர்ட் அவிழ்த்தார். அதே கூடத்தில், அதே குரலில், காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை பேசி நேர்மாறாக நிரூபித்தார்: கொம்பு என்பது சட்டம் எதைக் கொம்பு என்கிறதோ அது, சட்டம் சொல்வது பிரபு கொடுத்த தொப்பியில் உள்ள மரக்கொம்பை, ஆகவே மரக்கொம்பே கொம்பு, அந்தப் பையனின் தலையில் இருப்பது கொம்பைப் போன்ற ஒரு தோற்றம், தோற்றத்தைப் படித்தவர்கள் பார்ப்பதில்லை. ஆசிரியர்கள் மேசையைத் தட்டினார்கள், முன்பு தட்டியதைவிடப் பலமாக. அன்றோடு டில்மனை அறுப்பது நின்றது, இல்லாத ஒன்றை எப்படி அறுப்பது? அறுக்காததால் அவை நிம்மதியாக வளர்ந்தன.

ஆனால் மார்ட்டின் திருநாள் விடிந்துவிட்டது. பெயர் ஏற வேண்டுமானால் சடங்கு நடக்க வேண்டும், சடங்கு நடக்கத் தொப்பி உட்கார வேண்டும், இல்லாத கொம்பு தொப்பியை உட்கார விடவில்லை. முற்றத்தின் ஒரு ஓரத்தில் கசாப்புக்காரர்கள் டில்மனின் கொம்பில் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்ஸ்பெத் கயிற்றின் மறுமுனையைத் தானும் பிடித்திருந்தாள். ஹைனோ தொப்பியைச் சாய்த்து வைத்துப் பார்த்தான், பின்னால் வைத்துப் பார்த்தான், கடைசியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எவ்வளவு நேரம்யா,” என்றார் சங்கத் தலைவர். “அங்க வரிசை நிக்குது.”

“ராஜாக்கள் கல்யாணத்துக்கே பிரதிநிதி அனுப்புறாங்க,” என்றார் லாம்பர்ட் மெதுவாக. “கொம்பறுக்க அனுப்பப்படாதா?”

ஆசிரியர்கள் தலைகளைச் சேர்த்து முணுமுணுத்தார்கள். மேற்றிராணியாரின் மருமகன் ஓட்டோவைக் கூப்பிட்டார்கள், ஏற்கெனவே அறுபட்டுப் பழகிய தலை என்பதால். அவன் டில்மனுக்குப் பதிலாக உட்கார்ந்தான், தொப்பி அழகாக உட்கார்ந்தது. மாணவர்கள் சுற்றி நின்று, ‘தோல் நாத்தம், தோல் நாத்தம்’ என்று வாசனைத் தைலம் பூசியிருந்த ஓட்டோவைப் பார்த்துக் கத்தினார்கள். மரக்கொம்பை மர ரம்பம் அறுத்தது.

“வலிக்குதா?” என்றான் ஹைனோ.

“தாங்க முடியல,” என்றான் ஓட்டோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

உப்பு ஓட்டோவின் நாக்கில், ரசம் ஓட்டோவின் தலையில். ரெக்டர் ஏட்டைத் திறந்து எழுதி உரக்கப் படித்தார்: டில்மன், தோல் பதனிடுபவரின் மகன், கொம்பில்லாதவன்.

சங்கத் தலைவர் தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார், அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தார். “கண்ணுக்குத் தெரியுதே ஐயா.”

“எங்கே?” என்றார் ரெக்டர்.

“எங்கே?” என்றார் லாம்பர்ட்.

ஆசிரியர்கள் எல்லோரும் டில்மனின் தலையை உண்மையான அக்கறையோடு உற்றுப் பார்த்து எங்கே எங்கே என்றார்கள். தலைவர் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். “இத்தனை படிச்சவங்க இல்லேன்னு சொன்னா நான் கத்தியை எங்க வைக்கிறது?” என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்ற மாடுகளிடம் போனார். எல்ஸ்பெத் முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு ஊருக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வைடன்ஃபுர்ட்டில் அந்தக் கொம்பைப் பற்றி யாரும் பேசவில்லை. தடை ஒன்றும் இல்லை, அது நாகரிகமில்லை என்றாகிவிட்டது. கூடத்தின் வாசல் நிலைகளை உயர்த்திக் கட்டினார்கள், காற்றோட்டத்துக்காக என்றார்கள். டில்மனின் தொப்பியில் தையல்காரர் இரண்டு பிளவு வைத்தார். சில வருடங்களில் அது படிப்பின் அடையாளம் என்று நினைத்து மற்ற ஆசிரியர்களும் தங்கள் தொப்பிகளில் பிளவு வைத்துக்கொண்டார்கள், குளிர்காலத்தில் எல்லோருடைய நெற்றியும் விறைத்தது. டில்மன் நன்றாகப் படித்தான். இலத்தீனில் கனவு கண்டான். மாஸ்டர் ஆனான், டாக்டர் ஆனான், புதியவர்களுக்குக் கொம்பறுக்கும் பொறுப்பை ஹைனோவிடமிருந்து வாங்கிக்கொண்டான். அதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர் வாங்கினான். கரி சுடுகிறவனின் மகன் வந்தால், மீன் பிடிக்கிறவனின் மகன் வந்தால், இழைப்புளியை இரண்டு முறை கூடுதலாக ஓட்டினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, “என்னைப் பாருடா. நானும் இப்படி நாறிக்கிட்டு வந்தவன்தான். இப்போ பாரு,” என்று சொல்லும்போது, பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், முறுக்கிக்கொண்டு மேலே போயிருந்த இரண்டு பெரிய கொம்புகளையும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு, ‘ஆமாங்கய்யா’ என்றார்கள்.

எல்ஸ்பெத் வயதான பிறகு ஒரு முறை அவனைப் பார்க்க வந்தாள். பல்கலைக்கழக வாசலில், வெயிலில், நிறுத்தி வைத்திருந்தார்கள். டில்மன் வெளியே வந்து முதலில் இலத்தீனில் ஏதோ கேட்டான். பிறகு ஜெர்மனில், சொற்களைத் தேடித் தேடிப் பேசினான். அவள் கையைத் தூக்கி அவன் தலைக்குக் கொண்டுபோனாள், எட்டவில்லை.

“ரொம்பப் பெருசாயிருச்சேடா. பாரமா இல்லையா?”

“எதும்மா?”

“கொம்புதான்.”

“எந்தக் கொம்பு?”

அவன் சிரிப்பான் என்று அவள் காத்திருந்தாள். மற்றவர்கள் பக்கத்தில் நிற்பதால் இப்படிப் பேசுகிறானோ என்று சுற்றிலும் பார்த்தாள், யாரும் இல்லை. அவன் முகத்தில் விளையாட்டும் இல்லை, வெட்கமும் இல்லை, அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டதோ என்ற கவலை மட்டும் இருந்தது.

“ஒண்ணுமில்லடா,” என்றாள். “வெயிலு கண்ணைக் கூசுது.”

கொண்டுவந்த பாலாடைக் கட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். கோட்டை வாசலில் காவல்காரர், அவளைப் பழைய நாளிலிருந்து தெரியும் என்பதால், மகனைப் பார்த்தாயா என்று கேட்டார்.

“பாத்தேன்.”

“எப்படி இருக்கான்?”

“படிச்சிட்டான்,” என்றாள் எல்ஸ்பெத்.

அன்பரசி சொன்னது இவ்வளவுதான். இதில் எது நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சடங்கு நிஜமா என்பதை மட்டும் பிறகு புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். நிஜம்தான். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் சில நூற்றாண்டுகள் நடந்திருக்கிறது. காலப்போக்கில் தொப்பி, ரம்பம், இடுக்கி எல்லாவற்றையும் கைவிட்டார்கள். கொம்பு அறுக்கப்பட்டது என்ற சான்றிதழை மட்டும், சில இடங்களில், அதற்குப் பிறகும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.